மரம் ஏன் 'மரயிம்' ஆகிறது? டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒலிவழியில் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'மரம்' என்ற சொல்லைப் படித்தான். "ம... ர... இம்" என்றான். "சேர்த்துச் சொல்லு கண்ணு" என்றேன். "மரயிம்" என்றான். அது என்ன சொல் என்று அவனுக்கே விளங்கவில்லை. பக்கத்திலிருந்த படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாங்கா, டீச்சர்!" என்றான்.

அவன் செய்ததில் தப்பு எதுவும் இல்லை. ம் என்ற எழுத்தை 'இம்' என்று சொல்லிக்கொடுத்தது நாம்தான். மற்றப் பிள்ளைகள் படிக்கும்போது அந்த 'இ'யை யாரும் சொல்லாமலே உதிர்த்துவிடுகிறார்கள். டிஸ்லெக்சியா, அதாவது புத்தி நன்றாக இருந்தும் வாசிக்க மட்டும் திணறவைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைக்கு அது தானாக நடப்பதில்லை. கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொள்ளும், அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே மற்றவர்கள் ஊகித்துக்கொள்வதை எல்லாம் இந்தப் பிள்ளைக்கு வாய்விட்டு, வரிசையாக, ஒன்றுவிடாமல் சொல்லித்தர வேண்டும். ஃபோனிக்ஸ், அதாவது ஒலிவழி வாசிப்பு, என்பது இதுதான். ஆங்கில ஃபோனிக்ஸ் அட்டைகளை வாங்கித் தமிழுக்குப் பொருத்தினால் வேலைக்கு ஆகாது. நம் எழுத்தின் சிக்கல்கள் வேறு.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ரேஷன் கடைப் பலகையில் மலையாளம், பையில் ஆங்கிலப் புத்தகம். ஒரே பிள்ளை, மூன்று எழுத்துமுறை. அதனால் இங்கே ஒரு கேள்வி கூடுதலாக வரும், அதைப் பின்னால் பார்ப்போம்.

தொடங்குமுன்

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். டிஸ்லெக்சியா கண்நோய் கிடையாது. ஆனால் பலகை தெரியாத பிள்ளையையும், காதில் அடிக்கடி சீழ் வரும் பிள்ளையையும் அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1887-ல் உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். 1896-ல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், எல்லாவற்றிலும் சூட்டிகையாக இருந்தும் வாசிக்க மட்டும் வராத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். புத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது அப்போதே தெரிந்த செய்தி. நம்மூரில் இன்றைக்கும் "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்கிறார்கள்.

தமிழில் இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் தந்திரமான வேலை. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தாறுமாறாக இருப்பதால் பிள்ளை தப்புத் தப்பாகப் படிக்கும், உடனே கண்ணில் படும். தமிழ் போன்ற ஒழுங்கான எழுத்துமுறையில் சரியாகவே படித்துவிடலாம், ஆனால் ஆமை வேகத்தில். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆகும். வரி முடியும்போது முதல் சொல் மறந்திருக்கும். "சரியாத்தானே படிக்கிறான், சோம்பல்" என்று விட்டுவிடுகிறோம். வேகத்தையும் கவனியுங்கள். வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ வாசிப்பு வராமல் இருந்ததா என்றும் கேளுங்கள், இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு. ஆறேழு வயதுவரை எழுத்தைத் திருப்பி எழுதுவது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு சோதனை. தமிழை நன்றாகப் படித்துவிட்டு மலையாளத்தில் மட்டும் தடுமாறினால் அது அநேகமாகப் பழக்கக் குறைவு. கற்றுக்கொண்ட எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி திணறினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதல் படி: எழுத்தே இல்லாமல் ஒலி

இரண்டு மூன்று வாரம் புத்தகத்தை மூடி வையுங்கள். சொல்லை ஒலிகளாக உடைக்கும் காதுதான் இந்தப் பிள்ளைக்குப் பலவீனம். அதைப் பழக்காமல் எழுத்தைக் காட்டிப் பயனில்லை.

கை தட்டுவதில் தொடங்கலாம்: தக்-கா-ளி, மூன்று தட்டு. அது வந்த பிறகு சொல்லைக் குறைக்கும் விளையாட்டு. "அவரையில் 'அ'வை எடுத்தா?" "வரை." "தகரத்தில் 'த'வை எடுத்தா?" "கரம்." அப்புறம் மாற்றும் விளையாட்டு: பால், கால், வால், நூல். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், அம்மிச்சி (பாட்டி) கடலைக்காய் உரிக்கும்போதும் இதைச் செய்யலாம்.

இதில் அதிக நாள் செலவிட வேண்டியது குறில் நெடிலுக்கு. தமிழில் நீட்டம் மாறினால் பொருளே மாறிவிடும்: படம் பாடம், விடு வீடு, குடம் கூடம், எடு ஏடு, கொடு கோடு. நம் இலக்கணம் இதற்கு அருமையான கருவி ஒன்றைத் தந்திருக்கிறது. கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு இரண்டு. பிள்ளையைக் கைநொடித்துக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். சொடக்குப் போட வராத பிள்ளை தொடையில் தட்டட்டும், நெடிலுக்குக் கையை இழுக்கட்டும். இந்தப் பழக்கம் பிறகு எழுதும்போது கால் போடுவதா வேண்டாமா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும்.

கடைசியாக, ஒரு அசையையே உடைப்பது. 'மா' என்பதில் ம்-உம் ஆ-வும் இருக்கின்றன. இது கஷ்டம். உயிர்மெய்யை நாம் ஒரே எழுத்தாக எழுதுவதால் உள்ளே இரண்டு ஒலி இருப்பது காதுக்குப் புலப்படாது. புளியங்கொட்டை இரண்டை எடுத்து, "ம்ம்ம்" என்று ஒன்றை நகர்த்தி, "ஆ" என்று இரண்டாவதை அதோடு முட்டவிடுங்கள்.

இரண்டாம் படி: எந்த எழுத்து முதலில்?

சுவரில் தொங்கும் அட்டை அ, ஆ, இ, ஈ என்று தொடங்கும். அதை இப்போதைக்குக் கழற்றிவிடலாம். 12 உயிரையும் வரிசையாகப் படித்து முடித்த பிள்ளையால் ஒரு சொல்லைக்கூட உருப்படியாகப் படிக்க முடியாது. 247 என்ற எண்ணிக்கையும் வீண் பயம். உயிர் 12, மெய்யின் அடிவடிவம் 18, ஆய்தம், புள்ளியோடு சேர்த்துப் பத்துக் குறிகள், தனித்தனியாகப் படிக்க வேண்டிய உகர ஊகார வடிவங்கள் 36. எண்பதுக்குள் அடங்கிவிடும்.

எழுத்து அட்டைகளில் என் முதல் கட்டு நான்கே எழுத்து: ப, க, ட, ல். இதிலேயே கல், பல், கட, பகல், கடல் வந்துவிடும். முதல் வாரத்திலேயே பிள்ளை ஐந்து சொல் படிக்கிறது. இரண்டு வருடம் தோற்றுப்போன பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அடுத்த கட்டு ம, ம், ர, வ: மரம், வரம், படம், மடல், வடகம். ப, ம, ய, ழ நான்கும் ஒரே எலும்புக்கூட்டில் நிற்பவை என்பதால் ஒரே நாளில் இரண்டைக் காட்டாதீர்கள். ஒன்று கையில் உறுதியான பிறகே அடுத்தது.

எழுத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், ஒலியைச் சொல்லுங்கள். 'பானா', 'கானா' வேண்டாம். ம் என்றால் வாயை மூடி "ம்ம்ம்" என்ற ரீங்காரம். ல் என்றால் நாக்கை மேலே ஒட்டி "ல்ல்ல்". க், ட், ப் போன்றவற்றை நீட்ட முடியாது. அவற்றுக்கு முன்னால் ஓர் உயிரை வைத்து அக், அட், அப் என்று சொல்லிக் காட்டி, நிற்கும் இடத்தைத் தொண்டையிலும் நாக்கிலும் உதட்டிலும் உணரவையுங்கள். 'இக்' என்றே பழகிவிட்ட பிள்ளையைத் திருத்தச் சில வாரம் பிடிக்கும்.

"கல்லில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி க வருதே டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல காது. தமிழில் க, ச, ட, த, ப ஐந்தும் இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். சட்டையில் ஒன்று, பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. தெரிந்த சொல்லாக இருந்தால் வாய் தானே சரிசெய்துகொள்ளும், ஆகவே பேச்சில் புழங்கும் சொற்களாகவே கொடுங்கள். விதியை இப்போது விளக்க வேண்டாம்.

மூன்றாம் படி: சேர்ப்பது

ப... ல்... என்று விட்டுவிட்டுச் சொன்னால் சேராது. முதல் ஒலியை விடாமல் இழுத்துக்கொண்டே இரண்டாவதற்குள் போக வேண்டும், கிணற்றுக் கயிறு கை மாறுவதுபோல. ஒரு கை பிடித்த பிறகுதான் மற்றது விடும். விரலை எழுத்துக்கு அடியில் நிற்காமல் நகர்த்தச் சொல்லுங்கள். படத்தை மறைத்துவிடுங்கள். படம் இருக்கும்வரை 'மாங்கா' வந்துகொண்டேதான் இருக்கும்.

நான்காம் படி: கால், விசிறி, கொம்பு

தமிழ் வாசிப்பில் அதிகம் பிள்ளைகள் விழும் பள்ளம் இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

ஆகாரக் கால் முதலில். எழுத்துக்கு வலப்பக்கம் நிற்பது, ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றே. ஒரு எச்சரிக்கை: கால் என்பது பார்வைக்கு ர மாதிரியே இருக்கும். 'காகம்' என்பதை 'கரகம்' என்று படிக்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். காலுக்குப் பச்சை மை, எழுத்துக்குக் கறுப்பு என்று சில மாதம் எழுதிக்கொடுங்கள். அடுத்து இகர ஈகார விசிறிகள். டி, டீ இரண்டும் வடிவம் மாறுவதால் அவற்றைத் தனியாகக் காட்டுங்கள்.

உகரம் குளவிக்கூடு. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு விதமாக வளையும். மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம். கீழே சுற்றி வளைவது: கு, டு, மு, ரு, ழு, ளு. நேராகக் கீழே இறங்குவது: ஙு, சு, பு, யு, வு. பக்கத்தில் கால்போல மேலேறுவது: ஞு, ணு, து, நு, லு, று, னு. ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் போதும். ஆனால் டு, து, கு மூன்றையும் முன்னாலேயே படமாக மனத்தில் பதியவையுங்கள். வீடு, மாடு, காது, நாக்கு என்று பிள்ளையின் உலகமே உகரத்தில்தான் முடிகிறது. சொல்லின் கடைசி உகரம் பேச்சில் பாதியாகத் தேய்ந்துவிடுவதால் 'வீட்' என்று எழுதும் பிள்ளை காதால் கேட்டதைத்தான் எழுதுகிறது, திட்டாதீர்கள். மலையாளம் 1971-ல் அச்செழுத்தைச் சீர்திருத்தியபோது உகரக் குறியைத் தனியாகப் பிரித்துவிட்டது. அதனால் அந்த வடிவத்தில் அச்சான மலையாளத்தில் உகரத்தை எளிதாகப் பிடித்துவிடும் பிள்ளை தமிழில் திணறுவதைப் பார்க்கலாம்.

அடுத்தது கொம்பு. கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ, கௌ மூன்றிலும் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போ என்று நாம்தான் சொன்னோம், பிள்ளையும் அப்படியே போய் 'தொடு' என்பதைத் 'தெரடு' என்கிறது. நான் செய்வது இது. அட்டையில் த என்று எழுதி இருபுறமும் மடக்கும் காகிதச் சிறகு ஒட்டுவேன். சிறகு மடங்கியிருந்தால் 'த'. இடச்சிறகை விரித்தால் கொம்பு தெரியும், 'தெ'. வலச்சிறகையும் விரித்தால் கால் தெரியும், 'தொ'. பிள்ளைக்கு ஒரே கட்டளைதான்: "கொம்பைப் பார்த்தா நில்லு. உள்ளே யாருன்னு பாரு. வலப்பக்கம் கால் இருக்கான்னு பாரு. அப்புறம் வாயைத் திற." ஒற்றைக் கொம்பு ஒரு சொடக்கு, இரட்டைக் கொம்பு இரண்டு சொடக்கு. முதல் படியில் பழகிய சொடக்கு இங்கே மறுபடி கைகொடுக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள். தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் படித்தவர்கள் லை, னை போன்றவற்றைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவத்தில் எழுதுவார்கள். அம்மிச்சி ஆசையாக எழுதிக்காட்டும் 'யானை' பிள்ளைக்கு இன்னொரு புதிர்.

ஐந்தாம் படி: ஜோடி மெய்கள்

முதலில் இரட்டிப்பு: க்க, ட்ட, ப்ப. பிறகு இனத்தோடு வருபவை: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இவற்றை ஒரே அட்டையில் ஜோடியாகவே எழுதுங்கள். எந்த 'ன' போடுவது என்ற தீராத தலைவலிக்கும் இங்கேதான் மருந்து. 'மூணு சுழி', 'ரெண்டு சுழி' என்று சுழி எண்ணவைப்பது, எண்ணும்போதே வரிசை தவறும் பிள்ளைக்குத் தண்டனை. பழைய பெயர்களைப் பாருங்கள்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன். விதி பெயரிலேயே இருக்கிறது: வண்டி, பந்து, கன்று. ல, ள, ழ-வுக்கு இப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. அவை சொல் சொல்லாகப் பழகித்தான் வரும்.

ஆறாம் படி: படித்த எழுத்தில் மட்டும் வாக்கியம்

பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே படிக்காத எழுத்துகள் இருக்கும், பிள்ளை ஊகிக்கத் தொடங்கிவிடும். ஆகவே வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள். மேலே சொன்ன இரண்டு கட்டு எழுத்துகளோடு ஆகாரக் காலையும் ர்-ஐயும் சேர்த்தால் போதும்: "மாமா, மரம் பார். காகம் பார். பாட வா." இலக்கியம் ஒன்றுமில்லைதான், ஆனால் ஊகிக்காமல் முழுதாகப் படித்தது.

இங்கே இன்னொரு முட்டுக்கட்டை வரும். பிள்ளை பேசுவது 'மழ', 'தண்ணி'. புத்தகத்தில் 'மழை', 'தண்ணீர்'. ஒலியைச் சரியாகக் கூட்டிவிட்டு, அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று தெரியாமல் விழிக்கும். "இது வாய்ச்சொல், இது புத்தகச் சொல், ரெண்டும் ஒண்ணுதான்" என்று இரண்டு பத்தியாக ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்.

ஏழாம் படி: நீளச் சொற்கள்

'வீட்டிலிருந்து', 'போய்க்கொண்டிருந்தான்' மாதிரியான சொல்லைப் பார்த்ததும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். பென்சிலால் வெட்டுக்கோடு போடுங்கள்: வீட்டி / லிருந்து, போய்க் / கொண்டி / ருந்தான். கள், இல், உக்கு, இருந்து போன்ற வால்கள் ஓயாமல் திரும்பி வருபவை. வாலை ஒரு பார்வையில் பிடிக்கப் பழகினால் தலையை மட்டும் கூட்டினால் போதும். வேகம் கூட, ஒரே பத்தியை மூன்று நாள் திரும்பப் படிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கடிகாரத்தை எடுத்து மேசையில் வைக்காதீர்கள்.

அரிசித் தட்டு

சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற உளவியலாளரும் 1930-களில் அமெரிக்காவில் வகுத்த முறையில், பார்ப்பது, கேட்பது, சொல்வது, கையால் வரைவது நான்கும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நமக்கு இது புதிதில்லை. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினார்கள். கேரளத்தில் விஜயதசமிக்கு அரிசியில் விரல்பிடித்து எழுத்தினிருத்துகிறார்கள். தாம்பாளத்தில் அரிசியோ ஆற்றுமணலோ பரப்பி எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது வாய் அந்த ஒலியைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் மூடியிருந்தால் அது வெறும் கோலம். மணலுக்கென்று மந்திரசக்தி எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒழுங்கான வரிசையும் தெளிவான ஒலியும்தான் வேலை செய்கின்றன, மணல் பிள்ளையை உட்காரவைக்கிறது.

மூன்று மொழிக்கு என்ன செய்வது?

பள்ளியில் எல்லாப் பாடமும் எந்த எழுத்தில் நடக்கிறதோ அந்த எழுத்தை முதலில் பலப்படுத்துங்கள். தமிழ் மீடியமானால் தமிழ், மலையாள மீடியமானால் மலையாளம். ஒலி விளையாட்டு மட்டும் எப்போதும் வீட்டு மொழியில். ஒரே நாளில் இரண்டு மொழியில் புது எழுத்து வேண்டாம். மலையாள 'ட' அச்சு அசல் ஆங்கில எஸ் போலவே இருக்கும், மலையாள உகரம் நம் உ-வைப் போலவே இருக்கும். இந்த இரட்டையர்களை மாதக்கணக்கில் தள்ளி வையுங்கள். ஆங்கிலம் வரும்போது ஏ, பி, சி என்ற பெயர்களை விட்டு ஒலியிலிருந்து தொடங்குங்கள். அதன் வழி தனி, இங்கே விரித்தால் இன்னொரு கட்டுரையாகிவிடும்.

நாளும் நேரமும்

ஒரு நாளைக்கு அரைமணி, வாரம் ஐந்து நாள். முதல் பத்து நிமிடம் பழைய அட்டைகள், அடுத்து ஒரு புது விஷயம், பிறகு சொல் எழுதுவது, கடைசியில் வாக்கியம். பத்து அட்டைக்கு ஒன்பது தயங்காமல் வந்தால்தான் அடுத்த கட்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் உட்காரவைப்பது யாருக்கும் உதவாது. பிள்ளை தப்பாகப் படித்தால் "தப்பு" என்று சொல்லாமல் அந்த எழுத்தின் அடியில் விரலை வைத்துக் காத்திருங்கள்.

பள்ளியும் காகிதமும்

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995 சட்டத்தில் இல்லாத குறிப்பிட்ட கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா இதற்குள் வரும்) இதில் சேர்ந்தது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஆள் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். சான்றிதழுக்கான மதிப்பீடு பொதுவாக 8 வயதுக்குப் பிறகுதான். பயிற்சிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், ஆறு வயதிலேயே தொடங்கிவிடுங்கள். கேரளத்தில் ஒவ்வொரு பிளாக்கிலும் உள்ள பிஆர்சி எனப்படும் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் உண்டு, தலைமையாசிரியர் மூலம் கேளுங்கள்.

எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் சோதிக்கப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள். அந்த ஊர்ச் சான்றை இங்குள்ள பள்ளி ஏற்குமா? சோதனை எந்த மொழியில்? நான் அழைத்துப்போன பையனை ஒரு மையத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்தார்கள். அவனுக்கு ஆங்கிலத்தில் பேர்கூட எழுத வராது. பணத்தைக் கட்டிவிட்டு, 'புத்தி மந்தம்' என்று பொருள்படும் ஒரு காகிதத்தோடு திரும்பினோம். அவன் அம்மா பஸ்ஸில் வழிநெடுக ஒரு வார்த்தையும் பேசவில்லை. தமிழில் மறுபடி பார்த்தபோது அந்தப் பேச்சே எழவில்லை.

நீண்ட விடுமுறைகளில் ஜாக்கிரதை. ஓணம் லீவு முடிந்து வரும் பிள்ளை கொம்பையும் உகரத்தையும் பாதி தொலைத்துவிட்டுத்தான் வரும். கோபப்படாமல் முதல் கட்டுக்கே போய், பல், கல், கடல் என்று ஒருமுறை ஓட்டிவிட்டு மேலே செல்லுங்கள். முதல் தடவை இரண்டு மாதம் எடுத்த இடத்தை இந்தத் தடவை ஒரு வாரத்தில் தாண்டிவிடும்.